வியத்நாமியர் கதைகளும் வாசகர் மறுமொழியும்

டாலிகஞ்ச் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வியத்நாம் என்னும் பெயர் புதிதன்று. 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கல்கத்தா மாணவர்கள் 'வியத்நாம் தினம்' என்று ஊர்வலம் சென்றபோது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். 1958இல் ஹோ சி மின் இந்நகருக்கு வருகை தந்தார். 1966இல் உத்பல் தத் மினர்வா அரங்கில் 'அஜேய வியத்நாம்' நாடகத்தை மேடையேற்றினார். அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்துள்ள ஹாரிங்டன் தெருவே பின்னர் ஹோ சி மின் சரணி ஆயிற்று. "ஆமார் நாம், தோமார் நாம், வியத்நாம்" என்ற கோஷம் அக்காலத்தில் இந்நகரின் தெருக்களில் எல்லாம் ஒலித்தது.

உன் பெயரும் என் பெயரும் வியத்நாம் என்று முழங்கிய நகரம் இது. ஆயினும் அந்நாட்டு எழுத்தாளர் ஒருவரின் பெயரையேனும் சொல்லுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்? கோஷத்தில் கேட்ட நாட்டைக் கதையில் காணும் முயற்சியே இக்கட்டுரை. அக்கதைகளைவிட, அவற்றைப் படித்தவர் என்ன சொன்னார்கள் என்பதிலேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு சொல். நம் இலக்கணத்தில் சொல்லுக்கு முதலாக வருவது அரிதான ஙகரம், வியத்நாமியர் பெயர்களில் முன்வரிசையில் நிற்கிறது. நன்னூல் கற்ற அன்பர்கள் பொறுத்தருள்க.

நெடும்போர் 1975இல் முடிந்தது. 1986இல் 'தோய் மோய்', அதாவது புதுப்பித்தல் என்னும் கொள்கையை அரசு மேற்கொண்டது. எழுத்தாளருக்கும் சற்றே மூச்சு விட இடம் கிடைத்தது. மறு ஆண்டு, 'வான் ஙே' என்ற இலக்கிய வார ஏட்டில் ஙுயென் ஹுய் தியெப் என்பவர் எழுதிய 'ஓய்வு பெற்ற தளபதி' என்ற சிறுகதை வெளிவந்தது. ஆசிரியர் மலைப்பகுதியில் பத்தாண்டு பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாழ்நாள் முழுவதும் போர்க்களத்தில் கழித்த தளபதி ஒருவர் வீடு திரும்புகிறார். மருமகள் மகப்பேறு மருத்துவமனையில் டாக்டர். விற்பனைக்காக வளர்க்கும் நாய்களுக்கு, அங்கே கலைக்கப்பட்ட கருக்களைக் கொண்டுவந்து உணவாக இடுகிறாள். அதைக் கண்ட கிழவர் கண்ணீர் வடிக்கிறார். போரில் வென்ற மனிதர், வென்றெடுத்த வீட்டிலே அந்நியராகிறார்.

இக்கதை அந்நாட்டு வாசகரை இரண்டாகப் பிளந்தது. உண்மையைச் சொல்லும் துணிவு கண்டேன் என்றார் ஒரு சாரார். வீரரை இழிவுபடுத்தினான் என்றார் மறுசாரார். அடுத்த ஆண்டு அவர் சரித்திர நாயகர்களையும் சாதாரண மனிதராகக் காட்டிக் கதை எழுதியபோது சச்சரவு மேலும் மூண்டது. அக்கதைகளுக்கு இடமளித்த ஆசிரியர் ஙுயென் ஙொக் 1988இன் இறுதியில் பதவி இழந்தார். தியெப்பைப் பற்றி எழுந்த விமரிசனங்கள் 2001இல் தனி நூலாகவே தொகுக்கப்பெற்றன. கதைகள் 1992இல் ஆங்கிலத்திலும் வந்தன. தியெப் 2021இல் காலமானார். அவர் எழுப்பிய வாதம் இன்னும் ஓயவில்லை.

கவிதைக்கும் இதே கதிதான். ஙுயென் குவாங் தியூ என்ற கவிஞர் 1992இல் 'நெருப்பின் உறக்கமின்மை' என்ற தொகுதியை வெளியிட்டார். ஆற்றுநீர் சுமக்கும் தம் கிராமத்துப் பெண்களைப் பாடியவர் அவர். எழுத்தாளர் சங்கம் பரிசு அளித்தது. வாசகர் பலரோ, ஓசை இல்லை, இது பிறநாட்டுக் கவிதையின் பெயர்ப்புப் போல் இருக்கிறது என்று குறை கூறினர். இதைப் படிக்கும்போது எனக்கு நகை பிறந்தது. சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபின், புதுக்கவிதையைப் பற்றி நம் புலவர்கள் கூறிய குற்றச்சாட்டும் ஏறக்குறைய இதுவே அன்றோ?

ஆனால் வாசகர் மறுமொழியின் வலிமையை முழுமையாகக் காட்டியது பின்வந்த கதை. நாட்டின் தென்கோடியில் உள்ள கா மௌ மாகாணத்தைச் சேர்ந்த ஙுயென் ஙொக் தூ என்ற பெண்மணி, 2005இல் 'முடிவில்லா வயல்' என்ற நீண்ட கதையை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. மெகோங் ஆற்றுக் கால்வாய்களில் படகிலேயே வாழ்ந்து, அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கும் ஒரு தந்தையும் இரு பிள்ளைகளும் கதை மாந்தர். தஞ்சை மாவட்டத்தில் தாள் நிற்கும் வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்வோரைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அயலானது அன்று. மனைவி பிரிந்து சென்றதும் தந்தை வீட்டைக் கொளுத்திவிட்டுப் புறப்படுகிறான். சந்திக்கும் பெண்களை மயக்கிக் கைவிடுவதே அவன் பழிவாங்கும் முறை. அப்பழி இறுதியில் மகளின் உடல்மேல் வந்து விழுகிறது. அவளோ, தனக்குப் பிறக்கக்கூடும் குழந்தை கட்டாயம் பள்ளிக்குச் செல்லும், பெரியோரின் பிழையை மன்னிக்கக் கற்கும் என்று எண்ணுகிறாள்.

2006இல் கா மௌ மாகாணக் கட்சியின் பிரசாரத் துறை, ஆசிரியையைக் கண்டித்துத் திருத்த வேண்டும் என்று எழுதியது. சைகோன் நாளேடான 'துவோய் திரே' இச்செய்தியை வெளியிட்டு வாசகர் கருத்துக்கு இடம் அளித்தது. கடிதங்கள் குவிந்தன, பெரும்பாலானவை ஆசிரியைக்கு ஆதரவானவை. அவ்வாண்டே எழுத்தாளர் சங்கம் அந்நூலுக்குப் பரிசு வழங்கியது. 2018இல் ஜெர்மனியிலும் அந்நூல் பரிசு பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டித்த அதிகாரிகளும் வாசகர்களே. கதை பிடிக்கவில்லை என்று கூற அவர்களுக்கும் உரிமை உண்டு. பிடிக்கவில்லை என்பதைக் கட்டளையாக மாற்றியதே அவர்கள் செய்த தவறு. ஆதரித்தவரும் எல்லா வரியையும் புகழ வேண்டியதில்லை. பேச்சு நடக்கட்டும், எவரும் வாயை மூட வேண்டாம் என்பதே நல்ல வாசகரின் நிலை.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழை நாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளை, தாய் தலையில் நீர் ஊற்றி, நீ தூயவளானாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவை ஏற்காத வாசகர் பலர் சினந்தனர். அத்தாய் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினாவிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்து, 1972இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது. வாசகரின் சினம் ஒரு நாவலுக்கு வித்தாயிற்று!

சென்ற கோடை விடுமுறையில் இவ்விரு கதைகளையும் என் பேத்திக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். வியத்நாமியக் கதையை ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து தமிழில் விளக்கினேன். ஜெயகாந்தனை அப்படியே படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், வேகமாக வராது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளி. தாய் நீர் ஊற்றும் இடம் வந்ததும், "போதும் தாத்தா, நிறுத்து" என்றாள். "அழுக்கு அவளுடையது இல்லையே, பின்னே அவளை எதற்குக் குளிப்பாட்டணும்? அந்தப் படகுப் பெண்ணை யாரும் குளிப்பாட்டவில்லை. அவளே எழுந்து நிற்கிறாள்."

என் வாயில் வந்த முதற்சொல், "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்பதே. அதைச் சொல்லியிருந்தால், கா மௌ அதிகாரிக்கும் எனக்கும் வேறுபாடு என்ன? நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். அதை எழுதித் தா என்றேன். மூன்று நாள் கழித்து, பிழைகள் மலிந்த தமிழில் அரைப் பக்கம் எழுதித் தந்தாள். அவள் தானாக விரும்பி எழுதிய முதல் தமிழ் அதுதான். அவள் கருத்துடன் நான் முற்றும் உடன்படவில்லை. அக்காலத்து ஏழைத் தாய்க்கு அந்த நீரைவிட வேறு மொழி தெரியாது என்பதே என் எண்ணம். அதை அவளுக்கு மறுமொழியாக எழுதியிருக்கிறேன். வாதம் இன்னும் முடியவில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று சங்கக் கூட்டந்தோறும் வருந்துகிறோம். பாட்டு ஒப்பிக்கச் சொல்கிறோம், கைதட்டுகிறோம். மறுத்துப் பேசவும் ஒரு மொழி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். கோபத்தையும் கேள்வியையும் சொல்ல வங்காளியும் ஆங்கிலமும், வணக்கம் சொல்ல மட்டும் தமிழ் என்றால், எந்தக் குழந்தைதான் தமிழை நாடும்?

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. இம்மாதம் ஒரு கதையை வீட்டில் உரக்கப் படியுங்கள். வியத்நாமியக் கதையாயினும் சரி, நம் கதையாயினும் சரி. பின்னர், எது பிடிக்கவில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை தமிழில் எழுதப்பட்டால் பிழை திருத்தாமல் நம் இதழுக்கு அனுப்பி வையுங்கள்.