வாங்கிய விளையாட்டு எங்கே போனது?

2019 நவம்பரில் கூகுள் ‘ஸ்டேடியா’ என்ற விளையாட்டுச் சேவையைத் தொடங்கியது. விலை உயர்ந்த கணினி தேவைப்படவில்லை. விளையாட்டு ஓடியதெல்லாம் கூகுளின் தரவு மையம் என்ற பெரிய கணினிக் கூடத்தில். அங்கிருந்து படமும் ஒலியும் மட்டும் வீட்டுத் திரைக்கு வந்தன.

சுட்டிகளே, இதில் ஒரு கஷ்டமான கணக்கு இருக்கிறது. நல்ல விளையாட்டில் விநாடிக்கு 60 படங்கள் ஓடும். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி விநாடிதான். நீங்கள் பட்டனை அழுத்தியதும் அந்தச் செய்தி கண்ணாடி இழை வழியே ஒளியாக ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. தரவு மையம் 1,000 கி.மீ. தள்ளி இருந்தால் (சென்னையிலிருந்து மும்பை ஏறக்குறைய அவ்வளவு தூரம்) போக 5, வர 5 என்று 10 மில்லி விநாடி வழியிலேயே போய்விடும்! அங்கே படத்தை வரையவும் சுருக்கி அனுப்பவும் இன்னும் நேரம் பிடிக்கும். எத்தனை கோடி செலவழித்தாலும் ஒளியை முந்த முடியாது. மேசைமேல் இருக்கும் சொந்தக் கணினிக்கு இந்தப் பயணமே இல்லை.

2023 ஜனவரி 18 அன்று ஸ்டேடியா மூடப்பட்டது. விளையாட்டுகளை வாங்கியவர்களுக்குக் கூகுள் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் அங்கே வாங்கிய விளையாட்டை அதன்பின் அங்கே விளையாட முடியவில்லை. எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது.

இப்படிப் பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வது பழைய வழக்கம்தான். 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். பிறகு 1975இல் ‘ஆல்டேர் 8800’ என்ற சொந்தக் கணினி வந்தது. பாகங்களை வாங்கி, வீட்டிலேயே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கான ‘பேசிக்’ என்ற புரோகிராம் மொழியை பில் கேட்ஸும் பால் ஆலனும் எங்கே எழுதினார்கள் தெரியுமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில்! ஆல்டேர் அப்போது அவர்கள் கையில் இல்லை. பெரிய கணினியையே அதைப்போல நடிக்கவைத்தார்கள்.

ஆகவே பெரிய கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வானிலைக் கணிப்பு போன்ற பெரிய வேலைகளுக்குப் பெரிய கணினிக் கூடங்கள் வேண்டும். ஆனால் மூடியைத் திறந்து பார்க்கவும், புரோகிராம் எழுதிப் பிழைவிட்டுப் பழகவும், யாரிடமும் அனுமதி கேட்காமல் இயக்கவும் ஒரு சொந்தக் கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும் என்பேன். பழையதாக இருந்தாலும் போதும்.

இன்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, போனை ‘ஃபிளைட் மோடு’க்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துப் பாருங்கள். கால்குலேட்டர் ஓடுகிறதா? கேமரா? போன வருடப் பிறந்தநாள் படங்கள்? ஓடியதையும் நின்றதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நின்றுபோனவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த படம் இருந்தால், வைஃபையை மீண்டும் இயக்கி, அதை ஒரு பென் டிரைவில் பதிந்துகொள்ளுங்கள்.