கீசர் ஆஃப்ல இருந்தாலும் டிரிப் ஆவது ஏன்?

"கீசரால டிரிப் ஆகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எது டிரிப் ஆச்சு?" என்பதைத்தான். பாதிப் பேருக்கு பதில் தெரியாது. டிபி பாக்ஸில் கீழே விழுந்திருப்பது எதுவானாலும் "டிரிப்பர்"தான். ஆனால் அங்கே இரண்டு வேறு வேறு சாதனங்கள் இருக்கின்றன. இரண்டும் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள்.

எம்சிபி பார்ப்பது கரன்ட்டின் அளவை மட்டும். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. இதற்கு 16 ஆம்பியர் எம்சிபி போதும். யாராவது லைட் சர்க்யூட்டுக்கான 6 ஆம்பியர் எம்சிபியில் 2 கிலோவாட் கீசரை இணைத்திருந்தால், 1.45 மடங்கு லோடு. தரநிலைப்படி இந்த லோடில் ஒரு மணி நேரத்துக்குள் எம்சிபி விழுந்தாக வேண்டும். போட்டவுடன் டமால் என்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு, அல்லது ஸ்க்ரூ லூசாகி டெர்மினல் சூடாகிறது. எம்சிபி கதை இவ்வளவுதான், பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரில் முடிந்துவிடும்.

ஆர்சிசிபி வேறு ஜாதி. (பழைய ஆட்கள் இதை இஎல்சிபி என்பார்கள்.) எவ்வளவு கரன்ட் போகிறது என்று அது கவலையே படாது. ஃபேஸில் போனது முழுசும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே இரும்பு வளையத்துக்குள் எதிரெதிர்த் திசையில் போவதால் காந்தப்புலம் ஒன்றையொன்று அடித்துவிடும். கணக்கு உதைத்தால், அதாவது கொஞ்சம் கரன்ட் வேறு வழியாக மண்ணுக்குப் போயிருந்தால், அந்த மிச்சக் காந்தப்புலம் விசையைத் தட்டிவிடும். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் கசிந்தால் கட்டாயம் விழ வேண்டும், 15-க்குக் கீழே விழக் கூடாது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

ஏன் 30? கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களை வைத்து அளந்து பார்த்தார். கம்பியைப் பிடித்த கையை எத்தனை மில்லி ஆம்பியர் வரை தானாக விடுவித்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் சோதனை. சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5. அதற்கு மேலே போனால் தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் கை விடாது. 30 என்பது ஷாக்கே அடிக்காத அளவு இல்லை. அடிக்கும். ஆனால் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிப்பதற்குள் சப்ளையை வெட்டிவிடும். ஈரமான உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் போகும். குளிக்கிறவன் நிற்பது ஈரத்தரையில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் விம்கோ நகர் அப்பார்ட்மென்ட்டில் இரண்டாம் மாடி வீட்டில் போன கோடையில் ஒரு விசித்திரமான புகார். ராத்திரி எட்டு, எட்டரை மணிக்கு ஆர்சிசிபி விழுகிறது, வீடே இருட்டாகிறது. பகலில் விழுவதே இல்லை. குளிர்காலத்தில் கீசர் போட்டுப் பத்து நிமிஷத்தில் விழுந்துகொண்டிருந்ததால், அப்போதே கீசர் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி விட்டுவிட்டார்கள். மாசக்கணக்கில் அதைத் தொடவே இல்லை. வந்த எலக்ட்ரீசியன் சொன்ன தர்க்கம் கேட்க நன்றாகத்தான் இருந்தது: "கீசர் ஆஃப்ல இருக்கு சார், அப்பவும் விழுது. அப்ப ஆர்சிசிபிதான் வீக். தூக்கிட்டு டைரக்ட் பண்ணிடலாம்."

எங்கள் தொழிலில் இதற்கு இணையான ஒன்று உண்டு. டெஸ்ட் ஃபெயில் ஆகிறதா, டெஸ்ட்டையே டெலீட் பண்ணு. பில்டு பச்சையாகிவிடும். நான் அந்த அக்காவிடம் ஒரே ஒரு வேலை செய்யச் சொன்னேன். கீசர் ப்ளக்கை சாக்கெட்டிலிருந்து முழுசாகப் பிடுங்கி வையுங்கள். ஸ்விட்ச் ஆஃப் போதாது, பிடுங்கணும். அன்று ராத்திரி விழவில்லை. மறுநாளும் இல்லை. வாரம் முழுக்க இல்லை.

ஆஃப் பண்ணிய ஸ்விட்ச்சுக்கும் பிடுங்கிய ப்ளக்குக்கும் என்ன வித்தியாசம்? சாதாரண 16 ஆம்பியர் ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரை மட்டும்தான் வெட்டும். ஒற்றைத் துருவ எம்சிபியும் அப்படியே. நியூட்ரலும் எர்த்தும் கீசரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கீசர் காயில் உள்ளே ஓட்டை விழுந்து எர்த்தைத் தொட்டுவிட்டால், ஆஃப்ல இருந்தாலும் வீட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு பாலம் போட்ட மாதிரி.

"நியூட்ரல்ல ஷாக் அடிக்காதே, அதுல கரன்ட் எப்படிப் போகும்?" என்று கேட்கலாம். நியூட்ரல் பூஜ்ய வோல்ட்டில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் அடியில். அங்கிருந்து நம் வீடு வரை வரும் ஒயரில் தெருவே சேர்ந்து கரன்ட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஒயருக்கும் தடை உண்டு, ஆகவே நம் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருக்கும். மல்டிமீட்டரில் பார்த்தேன். மத்தியானம் 0.6 வோல்ட். ராத்திரி எட்டரைக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது 2.8. டிரிப் ஆகும் நேரத்தைத் தீர்மானித்தது அந்த வீட்டு லோடு மட்டும் இல்லை, அடுத்த வீட்டு ஏசிகளும்தான்.

அடுத்து காயிலைச் சோதித்தோம். மெயின் ஆஃப், ப்ளக் வெளியே, டேங்க் தண்ணியை வடித்து, ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றினால் எலிமென்ட் வெளியே வரும். நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், சுற்றிலும் இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே செம்புக் குழாய். அந்தப் பொடிக்கு ஒரு அபூர்வ குணம். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. கூடவே ஒரு கெட்ட குணம், ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிவிட்டால் மின்சாரத்தையும் கடத்தும். செம்பில் ஊசிமுனை ஓட்டை போதும், தண்ணி உள்ளே போய்விடும்.

இரண்டு முனைக்கும் நடுவில் தடை 26.4 ஓம். இது சரி, 2 கிலோவாட் காயிலுக்கு 230-இன் வர்க்கத்தை 2000-ஆல் வகுத்தால் அதே எண்தான் வரும். பலர் இதைப் பார்த்துவிட்டு "காயில் நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டியது முனைக்கும் செம்பு உறைக்கும் நடுவில். நல்ல எலிமென்ட்டில் அது மெகா ஓம் கணக்கில் இருக்கும். இங்கே நியூட்ரல் முனையிலிருந்து 41 ஓம், ஃபேஸ் முனையிலிருந்து 57 ஓம். ஈரம் என்பதால் ரீடிங் நிற்காமல் ஆடும், ப்ரோபை மாற்றி வைத்து இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு எண்ணிலிருந்து ஓட்டை எங்கே என்றே சொல்லிவிடலாம். வித்தியாசம் 16 ஓம். காயில் மொத்தம் 26.4. ஆக ஓட்டையிலிருந்து நியூட்ரல் பக்கம் சுமார் 5.2 ஓம், ஃபேஸ் பக்கம் 21.2. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி. கடலடித் தந்திக் கேபிள் அறுந்தால் கரையில் உட்கார்ந்தபடியே எத்தனையாவது மைலில் கோளாறு என்று கண்டுபிடிக்க, இதே மாதிரித் தடைக் கணக்கைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் போட்டார்கள். மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கேபிள் போட்ட காலம் அது.

எர்த் குழியின் தடையை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால் நியூட்ரலிலிருந்து மண் வரை 46 ஓம். மத்தியானம் 0.6 வோல்ட்டில் 13 மில்லி ஆம்பியர், விழாது. ராத்திரி 2.8 வோல்ட்டில் 61, விழும். ஆர்சிசிபி வீக் இல்லை, துல்லியமாக வேலை செய்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் ஓட்டை இவ்வளவு பெரிதாகி இருக்காது. சூடேறி விரியும்போது மட்டும் கசிந்து, பத்து நிமிஷம் கழித்து விழுந்திருக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு. மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும். இவ்வளவு மோசமான கோளாறு அதில் தெரியும், ஆரம்ப நிலைக் கசிவு தெரியாது. அதற்கு 500 வோல்ட் மெகர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்குத் தரநிலை அனுமதிக்கும் கசிவு வெறும் 1.5 மில்லி ஆம்பியர். புது கீசர் ஆர்சிசிபியைத் தட்டிவிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலிமென்ட்டைப் பழிக்குமுன் டெர்மினல் மூடியைத் திறந்தும் பாருங்கள். காஸ்கெட் ஒழுகி ஒயர் நனைந்திருக்கலாம். பல்லி செத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஏரியாவில் எலிமென்ட் சீக்கிரம் போவதற்குக் காரணம் தண்ணி. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறுவது 1960-களின் கடைசியிலேயே கவனிக்கப்பட்ட விஷயம். 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு குழாய்த் தண்ணி நிலைமை மாறியது. ஆனால் பல அப்பார்ட்மென்ட்டுகளில் மேல்தொட்டிக்கு ஏறுவது இன்னும் போர் தண்ணிதான். அதில் கால்சியம் சூட்டில் சுண்ணாம்பாகப் படியும். சர்க்கரை மாதிரி இல்லை இது, தண்ணி சூடாகச் சூடாகக் கரைவது குறையும். ஆகவே தண்ணியின் மிகச் சூடான இடமான காயில் மேலேயே ஒட்டும். ஒட்டிய இடத்தில் வெப்பம் வெளியேறாமல் செம்பு இன்னும் சூடாகும். அந்த ஓட்டுக்கு அடியில் உப்பிலுள்ள குளோரைடு ஊசி ஊசியாக அரிக்கும். 75 டிகிரியில் வைத்த தெர்மோஸ்டாட்டை 55-60-க்கு இறக்கினாலே படிவு நன்றாகக் குறையும். மெக்னீசியம் ஆனோடு ராடு ஒன்று உள்ளே இருக்கும், டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிந்துபோவதற்காகவே வைத்தது. நம் தண்ணியில் வருஷம் ஒருமுறை அதைப் பார்ப்பது நல்லது. கழற்றும்போது பாதிப் பேர் வீட்டில் வெறும் கம்பிதான் வரும்.

"டைரக்ட் பண்ணிடலாம்" என்பதைவிட ஆபத்தான வைத்தியம் ஒன்று உண்டு. ப்ளக்கில் எர்த் ஒயரை மட்டும் கழற்றி விடுவது. டிரிப் உடனே நின்றுவிடும், எல்லாருக்கும் சந்தோஷம். கசிவு அப்படியேதான் இருக்கிறது, வெளியே போக வழி மட்டும் இல்லை. டேங்க்கும் தண்ணியும் கரன்ட்டோடு காத்திருக்கும். பைப் பிவிசி என்றாலும் உள்ளே இருக்கிற உப்புத் தண்ணி கடத்தும், ஷவர் உலோகம். ஆர்சிசிபி இருந்தால் அது விழுவது ஒருவரின் உடம்பு வழியாகக் கரன்ட் போன பிறகுதான். அதையும் தூக்கியிருந்தால் விழவே விழாது. 13 ஆம்பியருக்கே அசையாத எம்சிபிக்கு, ஆளைக் கொல்லும் 0.2 ஆம்பியர் கண்ணிலேயே படாது. மின்வாரியம் ஆர்சிடி பொருத்தச் சொல்வது இதே சாதனத்தைத்தான்.

அந்த வீட்டில் எலிமென்ட், காஸ்கெட், ஆனோடு மூன்றையும் மாற்றினோம். டேங்க் நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணி வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட்டோம். காய்ந்த டேங்க்கில் போட்டால் புது எலிமென்ட் நிமிஷத்தில் போய்விடும். ஒற்றை ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் ஸ்விட்ச் வைத்தாயிற்று. ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒருமுறை அதை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். கடற்காற்றில் உள்ளே இருக்கும் விசை இறுகிப்போகலாம், அழுத்தி விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டியதுதான்.

பழைய எலிமென்ட்டை நான் வாங்கி வந்து, ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். நியூட்ரல் முனையிலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், சுண்ணாம்பு ஓட்டுக்கு அடியில், பச்சை பூத்த ஒரு புள்ளி. மற்ற இடங்களில் உலர்ந்த வெள்ளைப் பொடி. அங்கே மட்டும் இரண்டு அங்குலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஈர மாவு.