சூயஸில் போன நாணயம்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் எந்த நாளில் முடிந்தது என்று கேட்டால் 1947 ஆகஸ்டு 15 என்று சொல்லவே நம் மனம் விரும்பும். ஆனால் இந்தியாவை விட்டு வெளியேறிய பிறகும், உலகத்தின் மூன்று பெரிய வல்லரசுகளில் தங்களுடையதும் ஒன்று என்ற எண்ணம் லண்டன் ராஜதந்திரிகளை விட்டு அகலவில்லை. அந்த எண்ணத்தை அவர்களிடமிருந்து பறித்தது 1956 நவம்பர் மாதத்தின் முதல் வாரம்.

விவகாரம் ஓர் அணையில் ஆரம்பித்தது. நைல் நதிக்கு அஸ்வானில் பேரணை கட்டப் பண உதவி செய்வதாகச் சொல்லியிருந்த அமெரிக்கா, எகிப்தின் ஜனாதிபதி நாசர் செக்கோஸ்லோவாகியா மூலம் சோவியத் ஆயுதங்களை வாங்கியதையும் செஞ்சீனத்தை அங்கீகரித்ததையும் பொறுக்கமாட்டாமல், ஜூலை 19-ஆம் தேதி கையை விரித்தது. ஒரு வாரம் கழித்து, அலெக்ஸாண்டிரியாவில் நிகழ்த்திய பிரசங்கத்தில், சூயஸ் கால்வாய்க் கம்பெனி இனி எகிப்தின் சொத்து என்றும், அணைக்கு வேண்டிய பணம் கால்வாய் வருமானத்திலிருந்து வரும் என்றும் நாசர் அறிவித்தார். கால்வாயை வெட்டிய லெஸ்ஸெப்ஸின் பெயரைத் தாம் உச்சரித்தவுடன் கம்பெனியின் காரியாலயங்களைக் கைப்பற்றவேண்டும் என்று தம் ஆட்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார். சங்கேதம் காதில் விழாமல் போய்விடக் கூடாதென்றோ என்னவோ, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஈடனுக்கு நாசர் இன்னொரு முசோலினியாகத் தோன்றினார். அல்ஜீரியப் புரட்சிக்காரர்களுக்கு நாசர் துணைபோகிறார் என்பது பிரான்சின் ஆத்திரம். அக்டோபர் மாதக் கடைசியில் பாரிஸை அடுத்த செவ்ர் என்னுமிடத்தில் இவ்விரு நாடுகளும் இஸ்ரேலுடன் இரகசியமாகக் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு விசித்திரமானது: இஸ்ரேல் சினாய் மீது படையெடுக்கவேண்டியது, உடனே பிரிட்டனும் பிரான்சும் மத்தியஸ்தர் வேஷம் பூண்டு இரு தரப்பாரையும் விலகும்படி கட்டளையிடவேண்டியது, எகிப்து மறுத்ததும், கால்வாயைக் காப்பாற்றுகிறோமென்று படைகளை இறக்கவேண்டியது. இந்தச் சூழ்ச்சி காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடப்பட்டது என்று அறிந்த ஈடன் பிரதிகளை அழிக்கச் சொன்னார். இஸ்ரேலின் பிரதி பிழைத்துக்கொண்டது.

யுத்தம் என்ற அளவில் காரியம் கெட்டுப்போகவில்லை. அக்டோபர் 29-ல் இஸ்ரேல் புகுந்தது. நவம்பர் 5-ல் போர்ட் சயீதில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பாராசூட்டில் இறங்கின. ஆனால் அதற்கு முந்தின நாள்தான், ஹங்கேரியின் எழுச்சியை நசுக்க, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்திருந்தன. ருஷ்யாவின் அக்கிரமத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டவேண்டிய தருணத்தில் தம்முடைய சிநேகிதர்களே இப்படிச் செய்தார்களே என்று, தேர்தலின் வாசலில் நின்ற அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கொதித்தார். மாஸ்கோவிலிருந்து சோவியத் பிரதம மந்திரி புல்கானின் ஏவுகணைகளைப் பற்றி மிரட்டிக் கடிதம் எழுதினார். எனினும், லண்டனை அடக்கியது ஏவுகணையல்ல, பவுன் நாணயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பவுனை விற்றுத் தள்ளியவர்களால் பிரிட்டனின் டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. கால்வாயில் எகிப்து கப்பல்களை மூழ்கடித்து எண்ணெய் வரும் வழியை அடைத்துவிட்டது. சர்வதேச நாணய நிதியத்தில் கடன் வாங்கவேண்டுமானால் வாஷிங்டனின் தயவு வேண்டும், அந்தத் தயவோ சண்டை நின்றாலன்றிக் கிடைக்காது. படையெடுப்புக்கு முன்னணியில் நின்று முழங்கிய நிதி மந்திரி மாக்மில்லனே முதலில் பின்வாங்கினார். நவம்பர் 6 நள்ளிரவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. டிசம்பர் முடிவதற்குள் படைகளும் திரும்பிவிட்டன.

இதைக் கொண்டு அமெரிக்காவைக் காலனி ஆட்சியின் பரம வைரி என்று கொண்டாடுவது சரியல்ல. இரண்டு வருஷங்களுக்கு முன்புவரை இந்தோ-சீனாவில் பிரான்சு நடத்திய யுத்தத்தின் செலவில் பெரும்பகுதியை ஏற்றிருந்த நாடும் அதுவே. கம்யூனிஸத்தைத் தடுக்கும் காலனிக்கு அங்கே ஒரு நீதி, அரபு ஜனங்களை ருஷ்யாவின் பக்கம் தள்ளும் காலனிக்கு வேறொரு நீதி.

1957 ஜனவரியில் ஈடன் ராஜிநாமாச் செய்ய, மாக்மில்லன் பிரதம மந்திரியானார். அதே வருஷத்தில் கானாவும் மலாயாவும் சுதந்திரம் பெற்றன, அவற்றுக்கான ஏற்பாடுகள் முன்னரே நடந்துவந்தவை எனினும். இலங்கையில் பண்டாரநாயக்காவின் அரசாங்கம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரிட்டிஷாரிடமிருந்து திரும்பப் பெற்றது. அமெரிக்காவின் சம்மதமின்றி இனி இத்தகைய காரியத்தில் இறங்குவதில்லை என்ற முடிவுக்குப் பிரிட்டன் வந்தது. பிரான்சு வந்த முடிவு நேர்மாறானது: அமெரிக்காவை நம்பவே கூடாதென்று தானே அணுகுண்டு செய்து, 1960 பிப்ரவரியில், தான் இன்னும் விடமறுத்த அல்ஜீரியாவின் சஹாராவில் அதை வெடித்துப் பார்த்தது.