கம்பு முனையில் ஒரு பந்து! பார்வையற்ற பிள்ளைகளும் குளத்தில் குதிக்கலாம்
சட்டம் சொல்கிறது, மாநகராட்சி செய்யுமா?

சென்னை,

கண் தெரியாத பிள்ளை தண்ணீரில் இறங்கலாமா? "ஐயையோ, வேண்டவே வேண்டாம்" என்றுதான் பெற்றவர்கள் பதறுவார்கள். கரையில் உட்கார வைத்து, காலை மட்டும் நனைத்துக் கூட்டி வந்துவிடுவார்கள்.

அந்தப் பயத்தைக் குறைக்கும் சாமான்கள் நம்ம ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. விலையும் அதிகமில்லை.

தலையில் ஒரு தட்டு

பாராலிம்பிக் போட்டியில் முழுதும் பார்வை இழந்தவர்களும் நீந்துகிறார்கள். சுவர் நெருங்குவது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குளத்தின் இரண்டு முனையிலும் ஆள் நிற்பார். கையில் நீளமான கம்பு. முனையில் டென்னிஸ் பந்து மாதிரி மெத்தென்று ஒரு உருண்டை. நீந்துபவர் சுவரை நெருங்கியதும் தலையிலோ முதுகிலோ 'டப்' என்று ஒரு தட்டு! உடனே அவர் திரும்பி விடுவார்.

கத்தினால் போதாதா?

"கரையில் நின்று கத்தினால் போதுமே, கம்பு எதற்கு?" என்று கேட்கலாம். அதில்தான் விஷயமே இருக்கிறது.

காற்றில் சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். தண்ணீரிலோ சுமார் 1,500 மீட்டர்! அதனால் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழும். சத்தம் கேட்கும்; எந்தப் பக்கம் என்பது தெரியாது.

பார்வையற்ற பிள்ளைக்குக் காதுதான் கண். தலை தண்ணீருக்குள் போனால் அந்தக் கண்ணும் போச்சு. ஆகவே தொட்டுத்தான் சொல்ல வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

ஆழம் தொடங்கும் இடத்தில் குறுக்கே, மிதவை கட்டிய கயிறு. கையில் பட்டால் "இதற்கு மேல் போகாதே" என்று அர்த்தம். நீளவாக்கில் இன்னொரு கயிறு. அதை உரசிக்கொண்டே நேராக நீந்தலாம்.

குளத்தைச் சுற்றித் தேங்காய்நார் விரிப்பு. காலில் சொரசொரவென்று பட்டால் விளிம்பு வந்துவிட்டது.

கரையில் ஒரே மூலையில் பாடும் ரேடியோ. தலையைத் தூக்கினால் திக்குத் தெரியும்.

விளையாட மணி போட்ட பந்து. சும்மா மிதந்தால் மணி ஒலிக்காது. அதனால் ஒரு நூலைக் கட்டி, கரையில் இருப்பவர் சுண்டிச் சுண்டி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவை எல்லாம் உதவிக்குத்தான், காவலுக்கு அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் தெரிந்த ஒருவர் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும். கடலிலும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. குளம்தான் சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பொழுதுபோக்கில் இவர்களும் சேர உதவும் கருவிகளை உருவாக்குவதை அரசின் கடமையாகச் சொல்கிறது. விளையாட்டு இடங்களை இவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கவும் சொல்கிறது 30-வது பிரிவு.

சென்னை மாநகராட்சி சும்மா இருந்துவிடவில்லை. 2022 நவம்பரில் மெரினா மணலில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தது. செலவு ரூ.1.14 கோடி. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் ஒரு பகுதியைப் பெயர்த்தது, அதையும் சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலையோரம் போய்க் கடலைப் பார்க்க முடிந்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் பார்க்கவே முடியாத பிள்ளைக்கு? தண்ணீரில் இறங்கினால்தானே அதற்குத் தண்ணீர்!

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கு அரசுப் பள்ளி இருக்கிறது. மெரினாவில் மாநகராட்சிக்கு நீச்சல் குளம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் போதும். கோடி வேண்டாம். கம்பு, கயிறு, பந்து வாங்கச் சில்லறைதான் ஆகும்.

கம்பைப் பிடிக்க ஆள் போடுவார்களா?