தையல் குழு: பழைய சேலையில் ஒரு போர்வை

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, தப்பியவர்களிடம் உடுத்திய துணிதான் மிச்சம். மலைக் குளிரை நீங்கள் அறிவீர்கள்.

லயத்துக்குத் திரும்பியதும் ஐந்தாறு பேர் சேர்ந்து தையல் குழு தொடங்கலாம். பருத்திச் சேலையை நாலாக மடித்து, வரி வரியாக நூலோட்டினால் பிள்ளைக்குப் போர்வை, கையூசியே போதும். நைலக்ஸ் வேண்டாம், அடுப்புப் பொறி பட்டால் உருகி ஒட்டும். சேற்றில் கிடந்த கால் மெசினை உடனே மிதிக்காதீர்கள்; துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விட்டு, சக்கரத்தை முதலில் கையால் சுற்றுங்கள்.

யாருக்குத் தேவையென்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளை பெற்ற வீடுகளை அவர் அறிவார். சில போர்வைகளைப் பொலித்தீனில் சுற்றி, நீங்கள் ஒதுங்கும் பாடசாலையிலேயே வையுங்கள். எச்சரிக்கை வரும் இரவில் போர்வைக்காக யாரும் வீட்டுக்குத் திரும்பி ஓடக்கூடாது.