அலமாரிக்குள் அமர்ந்த அடுப்பு

"மாடுலர் கிச்சன் போட்டாயிற்றா?" என்பது கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விசாரிக்கப்படும் செய்தியாகிவிட்டது. பெங்களூரில் சென்ற ஆண்டு எங்கள் வீடும் அந்த வரிசையில் சேர்ந்தது. டைல்ஸின் நிறத்தையும் இழுப்பறைகளின் எண்ணிக்கையையும் பற்றி எழுத ஒன்றுமில்லை. அலமாரிக்குள் பதிக்கும் மைக்ரோவேவ் அடுப்பைப் பொருத்திய விதம் மட்டும் நம் வாசகர்களில் சிலருக்காவது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு அது ஆடம்பரப் பொருளாக வரவில்லை. என் மாமியாருக்கு வயது 78. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுதும் வீட்டில் தனியாக இருப்பவர். இரண்டு முறை பால் பொங்கி வழிந்து தீ அணைந்து, கேஸ் வாசனை வந்து, எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து அடுப்பை மூடினார். அதன்பின் நாங்கள் வெளியே கிளம்பும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. அப்படியானால் அத்தை மதியச் சோற்றையும் சாயங்காலக் காபியையும் எதில் சூடு பண்ணுவது? அதற்குத்தான் இந்த அடுப்பு.

கம்பெனிக்காரர் கொண்டுவந்த வரைபடத்தில் அடுப்பு என் கண் உயரத்தில் இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அத்தைக்குத் தோளுக்கு மேல் கை எழும்பாது. கொதிக்கிற ரசக் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேராக இறக்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. அவரை நிற்க வைத்து அளந்தோம். தரையிலிருந்து முழங்கை வரை 36 அங்குலம். அடுப்பின் அடித்தட்டு 33 அங்குலத்தில் வரட்டும், பக்கத்திலேயே கிண்ணம் இறக்கி வைக்க ஒன்றரை அடி மேடை காலியாக இருக்கட்டும் என்றோம். "லுக் போய்விடும் மேடம்" என்றார். போகட்டும் என்று சொல்லிவிட்டோம். அட்டைப் பெட்டி ஒன்றை அந்த உயரத்தில் வைத்து, "எட்டுதா அத்தை?" என்று கேட்டேன். "எட்டுதும்மா, இதுக்கு மேல ஏத்தாதே" என்றார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்தது காற்று. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். 800 வாட் சக்தியில் சமைக்கும் அடுப்பு மின்சாரத்தில் 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். மிச்சம் 400 வாட்டும் பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுகிறது. அதாவது அரை இஸ்திரிப் பெட்டியை அலமாரிக்குள் வைத்து மூடியது போல. உள்ளே உள்ள விசிறி அந்தச் சூட்டை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ள இடமில்லையென்றால் சூட்டுக் காப்பு ஸ்விட்ச் விழுந்து அடுப்பு நடுவில் நின்றுவிடும். அடிக்கடி இப்படியானால் அடுப்பின் ஆயுளும் குறையும். மேடையில் வைப்பதற்கென்று விற்கும் சாதாரண மாடலை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, முன்னால் ஒரு சட்டம் அடித்து "பில்ட்-இன்" என்று சொல்லிக்கொள்வது சரியல்ல. சில மாடல்களுக்குக் கம்பெனியே தனிச் சட்டம் தருகிறது. கூடவே வரும் காகிதத்தில் அனுமதி இருந்தால் மட்டும் செய்யலாம். பதிப்பதற்கென்றே செய்த எங்கள் மாடலின் காகிதம், அறைக்குப் பின்பலகையே கூடாது, பின்னால் 45 மில்லிமீட்டர் இடைவெளி மேல்வரை திறந்திருக்க வேண்டும் என்றது.

தச்சர் ராஜஸ்தான்காரர், கைத்தொழிலில் கெட்டி. ஆனால் பின்பலகை இல்லாத அலமாரி அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. கரப்பான் பூச்சி வரும் என்றார். நியாயமான பயம்தான். கடைசியில் பின்பலகையை எடுத்துவிட்டு, காற்று வெளியேறும் மேல்முனையில் அலுமினிய ஜாலி ஒன்று வைத்துக் கொடுத்தார்.

அவரோடு இன்னொரு வழக்கும் இருந்தது. காகிதம் பேசுவது மில்லிமீட்டர். தச்சரின் டேப் பேசுவது அங்குலம். அலமாரியின் வெளி அகலம் 600 மில்லிமீட்டர், பலகை 18 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 564 கிடைக்கும். எங்கள் அடுப்புக்கு வேண்டியது 560 முதல் 568 வரை. தச்சரோ "தோ ஃபுட்" என்று 2 அடிக்கே அறுத்திருந்தார். 2 அடி என்பது 610. உள்ளே 574 ஆகி, பக்கத் திருகுகள் கடிக்காமல் ஆடின. இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் பட்டை ஒட்டிச் சரிசெய்தார். எந்த மொழியில் பேசினாலும், எண்ணை மில்லிமீட்டரிலேயே பலகைமேல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் எர்த். எங்கள் குடியிருப்பு 1990-களில் கட்டியது. அடுப்பு வரப்போகும் இடத்தில் கிரைண்டருக்காக வைத்த 16 ஆம்பியர் மூன்று துளைப் பிளக் பாயிண்ட் ஏற்கெனவே இருந்தது. எலக்ட்ரீஷியன் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை. "அக்கா, துளை இருந்தா போதாது, பின்னாடி ஒயர் இருக்கணும்" என்று டெஸ்ட் பல்பை எடுத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பல்பு எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவில்லை. பிரித்துப் பார்த்தால் எர்த் முனையில் ஒயரே இல்லை! இத்தனை வருஷம் அத்தை ஈரக் கையோடு மாவாட்டியது அந்தப் பிளக்கில்தான்.

மைக்ரோவேவ் விஷயத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. சாதாரணமாக இவ்வகை அடுப்பின் உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2,000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. அதன் ஒரு முனை அடுப்பின் இரும்பு உடம்போடேயே இணைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். ஆகையால் மூடியைத் திறந்து வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். போர்டிலிருந்து அடுப்புக்கென்றே பச்சை எர்த் ஒயரோடு தனி லைன் இழுத்தோம். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். பிளக்கை அடுப்புக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரியில் வைத்தது எலக்ட்ரீஷியனின் யோசனை. அவசரத்துக்குக் கை எட்ட வேண்டுமல்லவா?

ஒயர் இழுத்த அன்று அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902-இல் நேரே போனது அந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். "உங்க ஊருக்கு முன்னாடியே எங்க ஊருக்குக் கரண்ட் வந்துடுச்சு" என்று எலக்ட்ரீஷியனிடம் பெருமையடித்தார். அவரோ கிருஷ்ணகிரிக்காரர், சிரித்துக்கொண்டே ஒயரை இழுத்தார்.

கதிர் வெளியே வந்து உடம்பைக் கெடுக்குமோ என்ற சந்தேகம் அத்தைக்கும் இருந்தது. இந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடியில் தெரியும் உலோக வலையின் துளைகளோ கடுகளவு. அலை அதில் நுழைந்து வெளியே வர முடியாது. கதவைத் திறந்தால் அடுப்பு தானே நின்றுவிடும். கதவு கோணிப்போனாலோ வலை கிழிந்தாலோ மட்டும் உபயோகிக்கக் கூடாது. 1947-இல் அமெரிக்காவின் ரேதியான் கம்பெனி விற்ற முதல் அடுப்பு ஏறக்குறைய ஆறடி உயரம், 340 கிலோ எடை என்று சொன்னபோது, "அதை எந்த அலமாரியில வெச்சாங்க?" என்று கேட்டார்.

மிச்சமிருந்தது பாத்திரப் பிரச்சினை. நம் வீடுகளில் டம்ளர் முதல் தட்டு வரை எவர்சில்வர். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், பொறியும் பறக்கலாம். தங்கக் கரை போட்ட பீங்கானுக்கும் அதே கதி. அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று கண்ணாடிக் கிண்ணம், இரண்டு பீங்கான் கோப்பை வைத்து, அவை மட்டுமே உள்ளே போகலாம் என்று ஏற்பாடு. பொத்தான்களில் எல்லாம் ஆங்கிலம். பேத்தி சிறு ஸ்டிக்கர்களில் "காபி", "சோறு", "நிறுத்து" என்று தமிழில் எழுதி ஒட்டினாள். "காபி" மட்டும் இரண்டு மாதத்தில் தேய்ந்துபோய், மறுபடி எழுதி ஒட்டியிருக்கிறோம்.