சர்க்கரையின் கணக்கு

நுழையும்முன்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் கைவிட நினைப்பது சர்க்கரையைத்தான். அதனால் எடை உண்மையிலேயே குறைகிறதா? எவ்வளவு குறைகிறது, எத்தனை நாளில் குறைகிறது? குறையாமற்போனால் கணக்கு எங்கே தவறுகிறது? ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியின் அன்றாட வாழ்வை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

கரும்பு வந்த மண்

கரும்பு ஒரு காலத்தில் தமிழகத்தில் கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. அதனை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தவர்கள் அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் என்னும் செய்தியை ஔவையார் பாடிய புறநானூற்றின் 99ஆம் பாடல் தருகிறது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004ஆம் ஆண்டு பிரிந்து உருவானதே கிருஷ்ணகிரி மாவட்டம். அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியை அனைவரும் அறிவர். அவன் குடி தந்த கரும்பை நினைப்போர் குறைவு. ஆயினும் அன்றாட உணவில் வென்றது நெல்லியின் துவர்ப்பன்று, கரும்பின் இனிப்பே.

அந்த மண்ணின் வடமேற்கு எல்லையில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் நகரம் உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் கேழ்வரகும் ரோசாவும் விளைந்த நிலங்களுக்கு நடுவே வாகனங்கள், கைக்கடிகாரங்கள், இயந்திர உறுப்புகள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் எழுந்தன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்நகரில் ஆலைகள் பல இரவும் பகலும் இயங்குகின்றன. மேட்டுநிலமாதலால் காலைக் குளிர் மிகுதி. தேநீர்க் கடைகளும் மிகுதி. பணிக்கு நுழையும் முன் ஒரு தேநீர், இடைவேளையில் ஒன்று, உணவுக்குப்பின் ஒன்று, பணி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கையில் ஒன்று என நாள் நகர்கிறது. இரவுப் பணியாளருக்குத் தூக்கத்தை விரட்டும் மருந்தும் அதுவே.

குவளைக்குள் இருப்பது என்ன?

ஒரு குவளைத் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்கிறது என்று கொள்வோம். தேக்கரண்டி ஒன்றுக்கு ஐந்து கிராம் எனில், குவளைக்குப் பத்து கிராம். நாளொன்றுக்கு ஐந்து குவளை அருந்துபவர் 50 கிராம் சர்க்கரையைத் தேநீர் வழியாகவே உட்கொள்கிறார். சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் நான்கு கலோரி ஆற்றல் தருவது. ஆக, 200 கலோரி.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாம் பெறும் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரவேண்டும். ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்குமாயின் இன்னும் நன்று. 2,000 கலோரி உண்பவருக்குப் பத்து விழுக்காடு என்பது 50 கிராம். மேற்சொன்ன தொழிலாளி வேறு இனிப்பு எதையும் தொடாமலே, தேநீராலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். தேநீருடன் உண்ணும் பிஸ்கட்டும் பன்னும் இக்கணக்கில் இன்னும் வரவில்லை.

இந்த 200 கலோரியை நிறுத்தினால் என்ன நேரும்? ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது என்பது பலரும் கையாளும் வாய்பாடு. அதன்படி மாதத்திற்கு முக்கால் கிலோ, ஆண்டுக்கு ஒன்பது கிலோ குறைய வேண்டும். தாளில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் தாளன்று. எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் தேவையும் குறைகிறது; எனவே குறையும் வேகம் தணிந்துகொண்டே வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் தம் குழுவினருடன் 2011இல் வெளியிட்ட கணிப்பு இதனைக் கருத்தில் கொண்டது. நாள்தோறும் ஏறத்தாழ 24 கலோரி குறைந்தால் முடிவில் ஒரு கிலோ எடை குறையும். அதிற் பாதி குறைவதற்கே ஓராண்டு ஆகும். பெரும்பகுதி குறைய மூன்றாண்டு வேண்டும். இக்கணிப்பின்படி 200 கலோரியைக் கைவிட்டவர் முதலாண்டில் எதிர்பார்க்கத்தக்கது நான்கு கிலோ அளவே. அதுவும், விட்ட கலோரியை வேறு வழியில் மீண்டும் உண்ணாதிருந்தால்தான்.

முதல் வாரத்து மகிழ்ச்சி

சர்க்கரையோடு சோறு, இட்லி, ரொட்டி ஆகியவற்றையும் திடீரெனக் குறைப்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்று முதல் இரண்டு கிலோ வரை குறைந்ததைக் கண்டு வியப்பதுண்டு. அவ்வாறு குறைந்தது பெரும்பாலும் கொழுப்பன்று; நீர். உடல் தன் உடனடித் தேவைக்கான மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்நீரும் வெளியேறுகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் இரண்டும் திரும்பிவிடுகின்றன. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்து, மூன்றாம் வாரத்தில் முள் அசையாது நிற்பதைக் கண்டு மனம் சோர்ந்து விட்டுவிடுவோர் பலர். கொழுப்பு குறையத் தொடங்கும் காலத்தில் அவர்கள் முயற்சியைக் கைவிடுகிறார்கள் என்பதே வருந்தத்தக்கது.

எடைப்பொறியை மட்டும் நம்பாமல், இடுப்புச் சுற்றளவையும் அளந்து பார்ப்பது பயன் தரும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்னும் அளவைக் கடந்த இடுப்பு, வயிற்றுக் கொழுப்பின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. உடல் மெலிந்து தோன்றினும் வயிறு பருத்திருப்போர் நம்மிடையே மிகுதி.

விட்ட இடத்தை எது நிரப்புகிறது?

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பிற உணவில் கட்டுப்பாடு விதிக்காமல், சர்க்கரையை மட்டும் குறைத்தவர்களின் எடை சராசரியாக 0.8 கிலோ குறைந்தது. சர்க்கரையை எடுத்துவிட்டு, அதே அளவு கலோரி தரும் வேறு மாவுப்பொருளைக் கொடுத்தபோது எடையில் மாற்றமே இல்லை. சர்க்கரை எடையைக் கூட்டுவது தனக்கெனத் தனி மாயம் ஒன்றைக் கொண்டிருப்பதால் அன்று. வயிறு நிறைந்த உணர்வைத் தராமலே கலோரியை உள்ளே சேர்ப்பதால்தான் என்பது இதனால் புலப்படும். தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, பசிக்கிறதென்று இரண்டு போண்டாவைக் கூடுதலாக உண்பவரின் கணக்கு ஈடுகட்டப்பட்டுவிடுகிறது.

இவ்விடத்தில் வெல்லத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளைச் சர்க்கரை தீது, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் நல்லவை என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. வெல்லத்தில் சிறிதளவு தாது உப்புகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் நூறு கிராம் வெள்ளைச் சர்க்கரை 400 கலோரி தருகிறதெனில், வெல்லமும் 350 கலோரிக்கு மேல் தருகிறது. எடைக்கணக்கில் இவ்விரண்டும் உடன்பிறந்தவை. எல்லைப்புற உணவகங்களில் கன்னட முறைச் சாம்பாரில் கரையும் வெல்லமும், உகாதி நாளின் ஒப்பட்டில் பூரணமாக நிறையும் வெல்லமும் சர்க்கரையைக் கைவிட்டவரின் பார்வைக்கு எளிதில் தப்பிவிடுகின்றன.

கிருஷ்ணகிரி மாங்கனிக்குப் பெயர்பெற்ற மாவட்டம். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாங்காய் இங்குள்ள ஆலைகளில் கூழாகி அயல்நாடுகளுக்கும் செல்கிறது. முழுக்கனியாக உண்ணும் மாம்பழத்தின் இனிப்பு நார்ச்சத்தோடு சேர்ந்து மெல்ல உட்செல்லும். உலகச் சுகாதார நிறுவனம் அதனைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. அதே பழம் சாறாகி, சர்க்கரையும் சேர்ந்து புட்டிக்குள் புகுந்தபின் நிலைமை வேறு. அடைக்கப்பட்ட உணவுகளின் உறையில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று குறிப்பிடவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அக்குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில் இருக்கிறது. யாருக்கு அது மிகவும் தேவையோ அவருக்கு எட்டாத இடத்தில் அது நிற்கிறது.

கேழ்வரகுக் களி இப்பகுதியின் தொன்மையான உணவு. கன்னடர் அதனை முத்தே என்பர். கேழ்வரகு உண்டால் எடை தானே குறையும் என்பதும் மிகைக்கூற்றே. நூறு கிராம் கேழ்வரகின் கலோரி அரிசியைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆனால் அதில் உள்ள நார்ச்சத்து தீட்டிய அரிசியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. காலையில் களியுண்டவருக்குப் பதினொரு மணிப் பசி அவ்வளவு கடுமையாக வருவதில்லை. இனிப்பை விட்டவருக்குக் களி துணை நிற்பது இவ்வகையில்தான்.

நாவும் தலைவலியும்

இனிப்பை நிறுத்திய முதல் சில நாள்களில் சோர்வு, எரிச்சல், தலைவலி எனச் சிலர் கூறுவர். அவர்களுள் ஒரு பகுதியினர் சர்க்கரையோடு தேநீரையே நிறுத்தியவர்களாக இருப்பர். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் திடீரென நின்றால் தலைவலி வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. பழியோ சர்க்கரையின் மேல் விழுகிறது! தேநீரை விடாமல், இரண்டு தேக்கரண்டியை ஒன்றரையாக, ஒன்றாக, அரையாகப் படிப்படியே குறைப்பவர்களுக்கு இத்தொல்லை பெரிதும் இல்லை.

நாவும் பழகிக்கொள்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் சிலரது உணவில் சர்க்கரையை 40 விழுக்காடு குறைத்து மூன்று மாதம் கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாம் மாதத்தில், அதே இனிப்பு அவர்களுக்கு முன்னைவிட மிக இனித்தது. பின்பு கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சர்க்கரைக்கு மாற்றான செயற்கை இனிப்பூட்டிகளையும் எடைக் கட்டுப்பாட்டுக்கெனப் பயன்படுத்தவேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

இரவுப் பணி செய்வோரின் இடர் வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுடைய 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டனர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் அவர்களுக்குக் கூடியது. பசியடக்கும் லெப்டின் குறைந்தது. இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்களின் மீதும் நாட்டம் பெருகியது. சிறிய ஆய்வுதான், எனினும் பகலில் வெயிலும் ஓசையும் நிறைந்த அறையில் அரைகுறையாக உறங்கி எழுந்து ஆலைக்குச் செல்பவர் இனிப்பை நாடுவது மனவுறுதிக் குறைவால் மட்டுமே அன்று என்பதை அது உணர்த்துகிறது.

வாசலுக்கு வந்த பரிசோதனை

தமிழ்நாட்டு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களை வீடுதேடிச் சென்று கண்டறிந்து, மருந்தையும் அங்கேயே வழங்குவது அதன் நோக்கம். அதன் தேவை சிறிதன்று. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

தமிழில் இந்நோய்க்கு நீரிழிவு என்னும் பெயர் இருக்க, மக்கள் வழக்கில் அது ‘சர்க்கரை நோய்’ ஆயிற்று. பேச்சில் ‘சுகர்’ என்றே சுருங்கியும் போயிற்று. இப்பெயர் ஒரு பிழையான எண்ணத்திற்கும் இடம்தருகிறது. தேநீரில் சர்க்கரையை நிறுத்தியதும் நோயும் நின்றுவிட்டதாகக் கருதித் தட்டு நிறையச் சோறு உண்போர் உண்டு. 21 நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, நாள்தோறும் 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளை அரிசிச் சோறு உண்பவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதையும், தெற்காசியரிடம் அது மேலும் மிகுதி என்பதையும் காட்டியது. செரித்தபின் சோறும் குருதியில் குளுக்கோசாகவே சேர்கிறது.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. இன்சுலின் ஊசியோ, இரத்தச் சர்க்கரையை விரைந்து தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் உணவையும் இனிப்பையும் ஒரேயடியாகக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துபோகலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் மங்கல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். அறையில் அமர்ந்திருப்பவருக்கு இது அச்சம் தருவது. ஓடும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கோ உயிருக்கே ஊறு விளைப்பது. எனவே அத்தகையோர் உணவை மாற்றும்போது மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அறிகுறி தோன்றியவுடன் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடங்களுக்குப்பின் இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, அளவு ஏறாவிடில் மறுமுறையும் அருந்தவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஊர்தியை அழைக்கவேண்டும். ஆகவே சர்க்கரையைக் கைவிட்ட இப்பணியாளரின் சட்டைப் பையில் மடித்த தாளில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கவேண்டும். அருகில் பணிபுரிபவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.